அம்மாவுக்கு கிரீன் கார்டு: சென்னையில் இருந்து அலைபவருக்கான வழிமுறை

அண்ணன் டல்லாஸில் இருக்கிறார். அப்பா போன பிறகு அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். "ஆன்லைன்ல அப்ளை பண்ணப் போறேன். அங்க நாலு பேப்பர் மட்டும் எடுத்து வெச்சுடு" என்றார் போனில். அந்த நாலு பேப்பருக்காகக் குரோம்பேட்டையில் இருந்து நான் எத்தனை நடை நடந்தேன் என்பது எனக்கும் என் ஸ்கூட்டிக்கும்தான் தெரியும். அங்கே இருப்பவருக்கு இது படிவ வேலை, இங்கே இருப்பவருக்குக் கால் வேலை. இந்தப் பதிவு இங்கே இருப்பவருக்கு.

முதலில் தகுதி

பெற்றோரை ஸ்பான்சர் செய்பவர் அமெரிக்கக் குடிமகனாகவும் 21 வயது நிறைந்தவராகவும் இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் போதாது. எங்கள் தெருவிலேயே ஒரு குடும்பம் இது தெரியாமல் இரண்டு வருடம் கனவு கண்டுகொண்டிருந்தது.

அம்மா, அப்பா இருவரும் போவதென்றால் ஆளுக்கு ஒரு ஐ-130, அதாவது 'இவர் என் பெற்றோர்' என்று பிள்ளை போடும் மனு. கல்யாணமாகாத தம்பியையும் அம்மாவோடு சேர்த்து அனுப்பிவிடலாமா என்று கேட்பார்கள். முடியாது, இந்தப் பிரிவில் கூடவே யாரும் தொற்றிக்கொள்ள வழியில்லை. நல்ல செய்தி, பெற்றோருக்கு வருடாந்திர விசா உச்சவரம்பு கிடையாது. ஆனாலும் எல்லாம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

"டூரிஸ்ட் விசாவில் கூப்பிட்டுப் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தங்கிவிடும் எண்ணத்தோடு கிளம்பி, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் சொல்வது பொய். மாட்டினால் அம்மாவின் பெயரில்தான் கறை விழும்.

அடுத்து, பெயர்

மனு போடுவதற்கு முன் ஒரு மதியம் ஒதுக்குங்கள். அம்மாவின் எல்லாக் காகிதங்களையும் கட்டிலில் பரப்புங்கள். நான் பரப்பியபோது கண்டது இது: பள்ளிச் சான்றிதழில் எஸ். கமலம். ஆதாரில் கமலா. ரேஷன் கார்டில் கமலா ராமன். பாஸ்போர்ட்டில் வெறும் கமலா, குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அண்ணனின் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் கமலாம்பாள்! "எல்லாம் நான்தாண்டி" என்று அம்மா சிரித்தாள். அதை அமெரிக்க அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டியது நம் பாடு.

எல்லாவற்றையும் மாற்ற ஓடாதீர்கள். பாஸ்போர்ட்டை அச்சாணியாக வைத்துக்கொண்டு மற்றதை அதோடு பொருத்துங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால், ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் விசாவில் 'எஃப்.என்.யு.' என்று அச்சடிப்பார்கள். அப்புறம் அங்கே பேங்க், இன்ஷூரன்ஸ் என்று போகும் இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாகச் சேர்த்து, மனுவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்துவிடுவது மேல்.

மிக முக்கியமான காகிதம் ஸ்பான்சர் செய்யும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். தாய்-பிள்ளை உறவுக்கு அதுதான் ஆதாரம். பழைய சான்றிதழ்களில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். பிறந்த ஊர் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ 'பெயர் சேர்த்தல்' செய்ய வேண்டும். சென்னையில் பிறந்தவர்கள் மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாக இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கமலா, கமலாம்பாள் மாதிரி வித்தியாசத்துக்கு, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் அஃபிடவிட். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம். அதற்கான அலுவலகம் அண்ணா சாலையில். என் அஃபிடவிட்டை அடித்துக் கொடுத்தவர் கமலாம்பாளைக் கமலாம்பிகை ஆக்கிவிட்டார். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். அந்த இடத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வையுங்கள்.

அப்பாவை ஸ்பான்சர் செய்தால் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். பதிவு செய்யாத பழைய இந்துத் திருமணத்தை, தம்பதி இருவரும் இருக்கும்போதே இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துவிடுங்கள்.

மனுவும் பணமும்

இது அங்கே இருப்பவர் வேலை. ஐ-130 கட்டணம் 2024 ஏப்ரலில் இருந்து ஆன்லைனில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே விசாவுக்கு 325, அம்மாவின் செலவுக்கு நான் பொறுப்பு என்று பிள்ளை கொடுக்கும் ஆதரவு உறுதிமொழிக்கு 120. கட்டும் நாளில் தொகையை ஒருமுறை சரிபாருங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

அந்த உறுதிமொழிதான் ஐ-864. வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். அண்ணன், அண்ணி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று ஐந்து பேருக்கு 2025 அளவுப்படி சுமார் 47,000 டாலர். போதவில்லை என்றால் இன்னொருவர் கூட்டாகக் கையெழுத்திடலாம். சம்பிரதாயக் கையெழுத்து என்று நினைக்க வேண்டாம், சட்டப்படி கட்டுப்படுத்தும்.

இங்கே சேர்க்க வேண்டியவை

அம்மாவின் சொந்தப் பிறப்புச் சான்று. 1954-இல் கும்பகோணம் பக்கத்தில் வீட்டிலேயே பிறந்தவளுக்கு அது எங்கே? பதிவு இல்லை என்ற சான்றைப் பதிவாளரிடம் வாங்கி, பள்ளிச் சான்றிதழையும், பிறப்பை அறிந்த மூத்தவர்களின் அஃபிடவிட்டையும் சேர்த்தோம். பெரிய மாமாவுக்கு 84 வயது. அவர் கையெழுத்துப் போட்ட அன்று எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்டுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் 500 ரூபாய் கட்டி, சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் கேந்திராக்களில் ஒன்றுக்கு நேரில் போக வேண்டும். அப்பா இல்லாததால் அவருடைய இறப்புச் சான்றும். டி.எஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

மும்பை

இன்டர்வியூ அண்ணா மேம்பாலத்துப் பக்கத்துத் தூதரகத்தில் இல்லை, மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் உள்ள தூதரகத்தில். மெடிக்கலை அதற்கு முன்பே, தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டும். தடுப்பூசிச் சீட்டு இருந்தால் கொண்டுபோங்கள். அம்மாவிடம் கேட்டது மூன்று கேள்வி: மகன் என்ன வேலை, எத்தனை பேரக் குழந்தைகள், இங்கே யாரோடு இருக்கிறீர்கள். அதற்கா இத்தனை பயம் என்றாள் வெளியே வந்து.

விசா வந்த பிறகு ஆன்லைனில் இன்னொரு 235 டாலர் கட்டினால், இறங்கிய பின் கார்டு தபாலில் வரும்.

போன பிறகு

65 தாண்டியிருந்தாலும் 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில், சேர முடியும். அதுவரை தனியார் இன்ஷூரன்ஸ், மாதாமாதம். இதைப் போகும் முன்பே அண்ணனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இங்கே வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் திரும்பும்போது கேள்வி வரும். ஒரு வருடம் தாண்டும் என்றால், கிளம்பும் முன் அங்கே இருக்கும்போதே ரீஎன்ட்ரி பர்மிட்டுக்கு (திரும்ப நுழைவதற்கான அனுமதி) விண்ணப்பிக்க வேண்டும். அம்மா இந்த மார்கழிக்கு வருகிறாள். பொங்கல் முடிந்து, மாசியில் மாமாவின் பேத்தி கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போவாளாம். விரல் விட்டு எண்ணினேன், தங்கப்போவது மூன்று மாதம்கூட இல்லை. இருக்கட்டும்.