எண்ணைப் பார்த்து நாணயம் வாங்காதீர்கள்

முக்கோண வடிவில் 3 டாலர் நாணயம்! பெர்முடா உண்மையிலேயே வெளியிட்டது. இப்படி விசித்திர முகமதிப்பு (நாணயத்தில் பொறித்திருக்கும் தொகை) உள்ள சேகரிப்பு நாணயங்களைக் கண்டால் ஆசை வரும்தான். ஆனால் அந்த எண்ணை வைத்து விலை பேசாதீர்கள். கனடா 2007-இல் வார்த்த 100 கிலோ தங்க நாணயத்தின் முகமதிப்பு 10 லட்சம் டாலர். அதிலுள்ள தங்கமோ இன்று அதைப்போலப் பல மடங்கு பெறும்.

எடை, உலோகத்தின் தூய்மை, எத்தனை வார்த்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். வெள்ளியா, வெறும் வெள்ளி முலாமா என்று சான்றிதழில் பாருங்கள். நாட்டின் பெயரோ முகமதிப்போ இல்லையென்றால் அது பெரும்பாலும் நாணயமே அல்ல, பதக்கம்.

அப்புறம், விளிம்பைப் பிடித்தே எடுங்கள். கறுத்த வெள்ளியைத் தேய்க்கவே வேண்டாம். துணி போடும் மெல்லிய கீறலே விலையைக் குறைத்துவிடும்.