பொன்னிறத்தில் அடுப்பை அணைக்காதீர்கள்: பிரெஞ்சு வெங்காய சூப்பில் நேரும் தவறுகள்

"வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும்" என்ற வரியைப் படித்தே சமையல் பழகியவர்கள் நாம். குழம்புக்கும் குருமாவுக்கும் அது சரிதான். பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு அந்த இடத்தில் நிறுத்தினால், வெங்காயம் வேகவைத்த தண்ணீர்தான் கிடைக்கும். நான் முதல்முறை செய்தபோது 20 நிமிடம் வதக்கிவிட்டு, நிறம் வந்துவிட்டதே என்று ஸ்டாக்கை (எலும்பு வேகவைத்த நீரை) ஊற்றினேன். மேலே நல்ல சீஸ், நல்ல ரொட்டி எல்லாம் இருந்தன. கரண்டியை உள்ளே விட்டுக் குடித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. அதன்பிறகு பல தடவை செய்திருக்கிறேன். இந்த சூப்பில் வரும் குறைகளில் பெரும்பாலானவை ஸ்டாக் ஊற்றுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

இது பாரிஸில் சந்தைக்காரர்களின் சாப்பாடாகப் பெயர் பெற்றது. நகரின் நடுவே லே ஆல் என்ற மாபெரும் மொத்தச் சந்தை இருந்தது. 1969-ல் அது நகருக்குத் தெற்கே ரன்ஜிஸுக்கு இடம் மாறும்வரை, விடிய விடிய மூட்டை சுமந்தவர்களும் கசாப்புக்காரர்களும், இரவெல்லாம் கொண்டாடிவிட்டு வந்த பணக்காரர்களும் அங்கிருந்த உணவகங்களில் விடியற்காலையில் இந்த சூப்பைக் குடித்தார்கள். சீஸ் போட்டு மேலே சிவக்க வைத்த வகைக்குக் கிராத்தினே என்று பெயர். திருமண விருந்து முடிந்து பின்னிரவில் இதைப் பரிமாறும் வழக்கமும் பிரான்சில் உண்டு. வெங்காயம், காய்ந்த ரொட்டி, எலும்பு வேகவைத்த நீர், கொஞ்சம் சீஸ், அவ்வளவுதான் பொருள்கள். மசாலா எதுவும் இல்லை. அதனால் வெங்காயத்தில் விட்ட குறையை வேறு எதைக் கொண்டும் மறைக்க முடியாது.

வெங்காயத்தில் நடப்பது என்ன

பச்சை வெங்காயத்தில் 100-க்கு 90 பங்கு வரை தண்ணீர். சட்டியில் அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அதுவரை அது வேகும், வாடும், நிறம் மாறாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு ஏறி, வெங்காயத்தில் இருக்கும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கத் தொடங்கும். இனிப்பு முதலிலிருந்தே வெங்காயத்துக்குள் இருக்கிறது, அதன் காரம் மறைத்து வைத்திருக்கிறது. காரம் அடங்கும்போது இனிப்பு தெரிகிறது. சிவக்கும்போது இறைச்சியை நினைவூட்டும் ஓர் ஆழமான சுவை சேர்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் சூப்.

ஒரு கிலோ வெங்காயத்துக்கு இது நடந்து முடிய 50 நிமிடம் முதல் ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகும். அடுப்பையும் பாத்திரத்தையும் பொறுத்துக் கொஞ்சம் மாறலாம். பத்து நிமிடத்தில் ஆகும் என்று எந்தக் குறிப்பாவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கடிகாரத்தைவிட நிறம்தான் அளவு. கால் மணி நேரத்தில் வெங்காயம் துவண்டு நீர் விட்டிருக்கும். அரை மணி நேரத்தில் வெளிர் மஞ்சளாகி, சட்டியின் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் பிடிக்கும். நாம் வழக்கமாக அடுப்பை அணைக்கும் பொன்னிறம் அதற்குக் கொஞ்சம் பின்னால் வரும். அங்கிருந்து இன்னும் 20, 25 நிமிடம் போக வேண்டும். கருப்பட்டி நிறம் வந்து, வெங்காயம் ஜாம் போலக் குழைந்து, ஒரு கிலோ போட்டது கால் கிலோ அளவுக்குச் சுருங்கியிருந்தால் சரி.

அவசரப்பட்டுத் தீயைக் கூட்டுவதுதான் அடுத்த தவறு. பிரியாணிக்கு வெங்காயம் பொரித்துப் பழகிய கைக்கு இது இயல்பாகவே வரும். அங்கே நிறைய எண்ணெயில் வெங்காயம் மொறுமொறுப்பாக வேண்டும், இங்கே உள்வரை மெதுவாகக் குழைய வேண்டும். தீ அதிகமானால் ஓரம் கருகும், நடுவில் பச்சை வாசனை நிற்கும். கருகிய கசப்பு முழு சூப்பிலும் பரவிவிடும். சர்க்கரை போட்டாலும் போகாது. அப்படி ஆகிவிட்டால் கருகிய துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். நிறைய கருகியிருந்தால் மறுபடியும் ஆரம்பிப்பதே மேல்.

அடியில் பிடிக்கும் பழுப்புப் படலத்தைப் பார்த்துப் பயந்து பலர் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அதில்தான் சுவை சேர்ந்திருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள். மறுபடி பிடிக்கும், மறுபடி சுரண்டுங்கள். நான் ஐந்தாறு முறை இப்படிச் செய்வேன். ஒவ்வொரு முறையும் வெங்காயத்தின் நிறம் ஒரு படி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஒட்டாத நான்ஸ்டிக் பாத்திரத்தில் இந்தப் படலம் சரியாகப் பிடிக்காது, அதனால் அதை இதற்கு எடுக்க வேண்டாம். மெல்லிய அலுமினியச் சட்டியில் ஓரிடம் கருகும், ஓரிடம் வேகாது. அடி கனமான, வாய் அகன்ற எவர்சில்வர் பாத்திரமோ எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரமோ போதும். முதல் கால் மணி நேரம் மூடி வைக்கலாம், வெங்காயம் சீக்கிரம் நீர்விட உதவும். கடைசிவரை மூடியே வைத்திருந்தால் ஆவி திரும்பத் திரும்ப உள்ளேயே விழுந்து, சிவப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

நேரத்தைச் சுருக்க ஆப்பசோடா போடும் வழி ஒன்று உண்டு. நிறம் உண்மையிலேயே வேகமாக வரும். ஆனால் வெங்காயம் கூழாகிவிடும், கொஞ்சம் கூடிப்போனால் சோப்புச் சுவை தட்டும். கரண்டியில் நூல் நூலாக வெங்காயம் வருவதுதான் இந்த சூப்பின் அழகு. சர்க்கரை சேர்ப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அரைத் தேக்கரண்டி போட்டால் தவறில்லை, பல பிரெஞ்சுக் குறிப்புகளிலும் உண்டு. சிக்கல் என்னவென்றால், போட்ட சர்க்கரை முதலில் சிவந்து, வெங்காயம் தயார் என்று நம்மை நம்பவைத்துவிடும்.

எந்த வெங்காயம், எப்படி வெட்டுவது

பிரான்சில் மஞ்சள் தோல் வெங்காயம்தான் வழக்கம். அது கிடைக்காவிட்டால் நம் பெல்லாரி வெங்காயத்திலும் நன்றாகவே வரும். நடுவில் ஒரு கட்டத்தில் ஊதாவும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம் காட்டும். பயப்பட வேண்டாம், சிவக்கச் சிவக்க மறைந்துவிடும். இனிப்பு அதிகமான வெங்காயத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. காரமான வெங்காயம்தான் ஒரு மணி நேரம் வதங்கிய பிறகும் சுவையோடு நிற்கும்.

வட்ட வட்டமாக நறுக்கினால் நார் குறுக்கே அறுபட்டு, சீக்கிரம் கரைந்துவிடும். தலையிலிருந்து வேர்ப்பக்கம் நோக்கி, நீளவாக்கில் நறுக்குங்கள். தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும், எல்லாம் ஒரே அளவில். ஒன்று தடிப்பாகவும் ஒன்று தாள் போலவும் இருந்தால், தடிப்பானது வதங்குவதற்குள் மற்றது கருகிவிடும். நான்கு பேருக்கு ஒரு கிலோவாவது வேண்டும். மலைபோல் இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள், அது எப்படிச் சுருங்கும் என்று மேலே சொன்னேன்.

வெண்ணெய் 50 கிராம். எண்ணெய் சேர்த்தால் வெண்ணெய் கருகாது என்று பலரும் நம்புகிறார்கள். கருகுவது வெண்ணெயில் இருக்கும் பால் கசடு, எண்ணெய் அதைக் காப்பாற்றாது. தீ குறைவாக இருந்தாலே போதும்.

வைனும் ஸ்டாக்கும்

வெங்காயம் தயாரானதும் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறலாம், சூப் லேசாகக் கெட்டிப்படும். நம் ஊர் உணவகங்களில் எந்த சூப்பையும் சோளமாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். வழவழப்பும் பளபளப்பும் வந்து, வெங்காயச் சுவைக்கு ஒரு திரை போட்டுவிடும். இந்த சூப் தண்ணியாகத்தான் இருக்கும்.

அடுத்து 150 மில்லி வெள்ளை வைன். இனிப்பு வைன் கூடாது. வெங்காயமே இனிப்பு, அதை வெட்டுவதற்கு ஒரு புளிப்பு தேவை, அதற்காகத்தான் வைன். முக்கால்வாசி வற்றும்வரை கொதிக்க விடுங்கள், இல்லையென்றால் நெடி நிற்கும். கொதித்தால் மது முழுவதும் போய்விடும் என்று சொல்வது சரியல்ல, கொஞ்சம் மிஞ்சும். மது வேண்டாதவர்கள் தண்ணீரில் அடியைச் சுரண்டிவிட்டு, இறக்கும்போது இரண்டு தேக்கரண்டி வினிகர் சேர்க்கலாம். புளிப்பே இல்லாமல் விட்டுவிட்டால் நான்காவது கரண்டியில் திகட்டிவிடும்.

ஸ்டாக் ஒன்றேகால் லிட்டர். மாட்டெலும்பு ஸ்டாக்தான் பாரிஸ் பாணி, கோழி ஸ்டாக்கிலும் நன்றாக வரும். எலும்பை முதலில் ஓவனில் சிவக்க வறுத்து, பிறகு மெல்லிய தீயில் சில மணி நேரம் வேகவைத்தால், ஆறியதும் ஸ்டாக் ஜெல்லி போல உறையும். அந்த வழுக்கல்தான் சூப்பை உதட்டில் ஒட்ட வைப்பது. கட்டியாக விற்கும் ஸ்டாக் க்யூபைப் பயன்படுத்தினால் அட்டையில் சொன்ன அளவில் பாதி போடுங்கள். அதில் உப்பு ஏராளம், சூப் வற்றும், மேலே வரும் சீஸிலும் உப்பு. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வெங்காயம் வதக்கும்போது ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் போதும், மீதியை ரொட்டியும் சீஸும் சேர்ந்தபின் இருக்கப்போகும் சுவையை நினைத்துக் கொஞ்சம் குறைவாகவே நிறுத்துங்கள். சைவமாகச் செய்பவர்களுக்குக் காய்ந்த காளான் ஊறிய நீர் பெரிய துணை. ஆனால் இந்த சூப்பின் மேல் வழக்கமாகப் போடும் பாரம்பரிய க்ருயேர் சீஸ், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவம் என்றால் வேறு சீஸ் தேட வேண்டும்.

வாசனைக்குத் தைம், பே இலை. நம் கடைகளில் பே இலை என்று கொடுப்பது பெரும்பாலும் பிரியாணி இலை. அது வேறு செடி, நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும், லவங்கப்பட்டை வாசனை அடிக்கும். அதைப் போட்டால் சூப் குருமாவின் பக்கம் போய்விடும். உண்மையான பே இலையில் நடுவில் ஒரே நரம்பு. கிடைக்காவிட்டால் தைம் மட்டும் போதும். மெல்லிய தீயில் அரை மணி நேரம் கொதிக்கட்டும்.

ரொட்டி, சீஸ், கிண்ணம்

புது ரொட்டி சூப்பில் விழுந்ததும் கூழாகும். முந்தின நாள் பகெட்டை (நீளமான பிரெஞ்சு ரொட்டியை) இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டி, குறைந்த சூட்டில் உள்வரை காயும்படி வைத்தெடுங்கள். மேலே மட்டும் சிவந்து உள்ளே மெத்தென்று இருக்கும் டோஸ்ட் இதற்கு உதவாது. சாண்ட்விச் ரொட்டி வேண்டவே வேண்டாம்.

சீஸ் என்றால் சுவிட்சர்லாந்தின் க்ருயேர், அல்லது பிரான்சின் ஜுரா மலைப்பகுதியில் செய்யும் கொந்தே. இரண்டும் விலை அதிகம்தான். எமெண்டாலும் பரவாயில்லை. மொசரெல்லா நன்றாக இழுபடும், ஆனால் சுவையாக எதுவும் சொல்லாது. துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அது சீராக உருகாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள், ஒரு கிண்ணத்துக்கு 40 கிராம். அதற்கு மேல் போனால் ரப்பர் மூடி போட்டது போலாகிவிடும்.

கண்ணாடிக் கிண்ணத்தை ஓவனின் மேல்சூடான கிரில்லின் நேர்ச்சூட்டுக்குக் கீழே வைக்காதீர்கள், வெடிக்க வாய்ப்பு உண்டு. ஓவனுக்கென்று செய்த பீங்கான் கிண்ணம்தான் வேண்டும். சூப்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், ஏனென்றால் மேல்சூடு சீஸைத்தான் சிவக்க வைக்கும், கீழே இருக்கும் சூப்பைச் சூடாக்காது. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிறுத்தி, ரொட்டியை மேற்பரப்பு முழுவதும் மூடும்படி அடுக்கி, சீஸ் விளிம்பைத் தொடும்படி தூவுங்கள். விளிம்பில் ஒட்டிக் காய்ந்த சீஸுக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். கிண்ணங்களைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் வழிந்தாலும் ஓவன் நாறாது. அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்துவிடலாம், மூன்று நான்கு நிமிட வேலைதான். பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் ரொட்டியின் மேல் சீஸ் வைத்து, தோசைக்கல்லில் மூடி போட்டு மெல்லிய தீயில் உருக்கி, பரிமாறும்போது சூப்பில் மிதக்கவிடலாம். மேலே சிவக்காது, ஆனால் கீழே வெங்காயம் சரியாக இருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

மேசைக்கு வந்ததும் நான்கு நிமிடம் பொறுங்கள். சீஸ் மூடிக்குக் கீழே ஆவி அடைபட்டிருக்கும், நாக்கு பொத்துப்போகும். மீதமானால் ரொட்டியும் சீஸும் இல்லாத சூப்பை மட்டும் எடுத்து வையுங்கள், மறுநாள் இன்னும் சுவை கூடியிருக்கும். நான் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கிலோ வெங்காயத்தை இரண்டு பாத்திரங்களில் வதக்கி, பாதியை ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். வாரநாளில் வேலை முடிந்து வந்தாலும் ஸ்டாக்கை ஊற்றி அரை மணி நேரத்தில் கிண்ணம் மேசைக்கு வந்துவிடுகிறது.