வெண்டிங் மெஷினில் சரக்கை ஏற்றும் முன்

கடலை மிட்டாய், தினை முறுக்கு, ராகி பிஸ்கட் என்று சிறிய அளவில் தயாரிப்பவர்கள் பலரும் இப்போது கேட்பது இதுதான்: "கடைக்காரருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டாம், கடனுக்குச் சரக்குப் போட்டுவிட்டு அலையவும் வேண்டாம். ஒரு மெஷினை வைத்துவிட்டால் அதுவே விற்றுத் தராதா?" தரும். கோயம்பேடு சந்தையில் 2022-இல் வைத்த மெஷினில் பத்து ரூபாய் போட்டு மஞ்சப்பை எடுத்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அடுக்குவது, பழையதை முன்னால் தள்ளுவது, உடைந்ததை எடுப்பது, காசுத் தகராறைத் தீர்ப்பது என்று கடைக்காரர் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை அத்தனையும் இனி உங்களுடையது. இதைக் கணக்கில் எடுக்காமல் இறங்குவதில்தான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

கடைக்கென்று செய்த பாக்கெட்டை அப்படியே மெஷினில் ஏற்றுவது முதல் தவறு. நம் ஊரில் பரவலாக இருப்பது சுருள் கம்பி வைத்த மெஷின். கம்பியின் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பாக்கெட் நிற்கும். மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் முன்னால் நிற்பது கீழே விழும். இடைவெளியைவிடப் பாக்கெட் மிக மெலிதாக இருந்தால் சாய்ந்து மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் இரண்டு சேர்ந்து விழும். தடிமனாக இருந்தால் கம்பியே இறுகிவிடும். எடை குறைந்தது கண்ணாடியில் சாய்ந்து தொங்கும். எங்கள் எள் மிட்டாய் முதல் வாரமே இப்படித் தொங்கியது. அடியில் ஓர் அட்டைத் துண்டு வைத்து நிமிர்த்திய பிறகுதான் ஒழுங்காக விழுந்தது. சுருள்கள் வெவ்வேறு இடைவெளியில் கிடைக்கின்றன. ஒரு வரிசை முழுக்க நிரப்பி, கடைசிப் பாக்கெட் வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பாக்கெட் விழுந்ததைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள்.

விழும் உயரத்தையும் யோசியுங்கள். மேல்தட்டிலிருந்து விழுகிற முறுக்கு நொறுங்கும், அதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஜூஸோ தேனோ விற்பதென்றால், பொருளைத் தாங்கி இறக்கும் லிஃப்ட் வைத்த மெஷின் தவிர வேறு எதுவும் வேண்டாம். வெல்லம் ஈரத்தை இழுக்கும். வெயில் படும் வராந்தாவில் சித்திரை மாதம் நிற்கும் குளிரூட்டாத மெஷினில் கடலை மிட்டாய் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். ஊட்டிக்கு அனுப்புபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: மலையேறினால் காற்றழுத்தம் குறையும். சமவெளியில் காற்றடைத்து ஒட்டிய பாக்கெட் அங்கே உப்பி, சுருளுக்குள் நுழைய மறுக்கும்.

அடுத்தது இடம். கூட்டம் இருந்தால் விற்கும் என்று நம்பிப் பேருந்து நிலையத்தைக் கேட்டு ஓடுகிறார்கள். அங்கே பத்தடிக்கு ஒரு டீக்கடை, சூடான வடையோடு. வேறு கடை திறந்திராத நேரத்தில் மனிதர்கள் நகர முடியாமல் இருக்கும் இடம்தான் மெஷினுக்கு ஏற்றது. இரவு பதினொரு மணி விடுதி, நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் மருத்துவமனைக் கூடம், இரண்டாம் ஷிஃப்ட் ஓடும் ஆலை போன்றவை. ஒப்பந்தம் போடுமுன் ஓர் இரவு அங்கே உட்கார்ந்து எத்தனை பேர் பசியோடு நடமாடுகிறார்கள் என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

கணக்கையும் ஒரு பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு, 20 ரூபாய்க் கடலை மிட்டாய். அதில் 5 சதவீத ஜிஎஸ்டி சுமார் 95 பைசா. சரக்கும் உறையும் 9 ரூபாய் என்று வையுங்கள். இடத்துக்காரர் 15 சதவீதம் கேட்டால் 3 ரூபாய். மிச்சம் 7 ரூபாய் சொச்சம். மெஷின் தவணை, மின்சாரம், நிரப்பப் போய்வரும் பெட்ரோல் எல்லாம் நாளுக்கு 250 ரூபாய் ஆனால், கையைக் கடிக்காமல் இருக்கவே தினம் 36 பாக்கெட் விற்க வேண்டும். ஒரே மாதிரிப் பண்டம் அவ்வளவு போகுமா?

பெரும்பாலும் போகாது. அதனால்தான் மெஷினில் உள்ள நாற்பது ஸ்லாட்டையும் (ஒரு சுருள் வரிசைக்கு ஒரு ஸ்லாட்) தன் பிராண்டாலேயே நிரப்புவதும் தவறு என்கிறேன். தண்ணீரும் பழகிய பிஸ்கட்டும் ஆளை மெஷின் முன் நிறுத்தும். நின்றவர் கண்ணில் உங்கள் மிட்டாய் படும். இன்னும் சொல்லப்போனால், முதலில் சொந்தமாக மெஷினே வாங்காதீர்கள். ஏற்கெனவே மெஷின் நடத்துபவரிடம் இரண்டு ஸ்லாட் கேட்டு மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள்.

பணம் வாங்கும் விஷயத்தில் நாணயத்தை மட்டும் நம்ப முடியாது. பத்து ரூபாய் நாணயத்தின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே தெளிவுபடுத்தியும், நம் ஊர்களில் அதை வாங்கத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். யுபிஐ வேண்டும். ஆனால் அடித்தளத்திலோ தடித்த சுவருக்குப் பின்னாலோ மெஷினின் சிம்முக்குச் சிக்னல் கிடைக்காவிட்டால், பணம் போயிருக்கும், பாக்கெட் விழுந்திருக்காது. பொருள் விழுந்ததா என்று பார்க்கும் சென்சார், விழாவிட்டால் தானே பணம் திரும்பும் வசதி இரண்டும் இல்லாத மெஷின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். இருபது ரூபாயை இழந்த ஒருவர் விடுதி முழுக்கச் சொல்லிவிடுவார்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: தயாரிக்கும் இடத்துக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; விற்பதும் உணவுத் தொழிலே, மெஷின் நிற்கும் இடத்துக்கு என்ன வேண்டும் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. விலையை ஏற்றும்போது மெஷினில் மட்டும் 25 என்று மாற்றிவிட்டு, உள்ளே 20 ரூபாய்ப் பழைய பாக்கெட்டை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் கவனக்குறைவு.

நிரப்பும் வேலையை முதல் மாதம் ஆள் வைத்துச் செய்யாதீர்கள். அவசரத்தில் புதுச்சரக்கை முன்னால் செருகிவிட்டுப் போவார்கள், பின்னால் இருப்பது காலாவதியாகும். நீங்களே போய், இருப்பதை வெளியே எடுத்து, தேதி பார்த்து, புதியதைப் பின்னால் வையுங்கள். அப்படியே கண்ணாடியைத் துடைத்து, மெஷினில் ஒட்டிய உங்கள் தொலைபேசி எண் அழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவு அழைப்பு வந்தால் எடுங்கள்.