முடிவிலிகள் எல்லாம் அடிபட்டுப் போன பிறகும் விடை தப்பு: முதல் என்எல்ஓ கணக்கைக் கையால் போடுவது எப்படி

வரவேண்டிய விடை ஆல்ஃபா-எஸ்/பை (ஆல்ஃபா-எஸ் என்பது வலுவிசையின் பிணைப்பு மாறிலி). எனக்கு வந்ததோ அதில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. முடிவிலிகள் எல்லாம் ஒன்றையொன்று அழகாக அடித்துக்கொண்டு போய்விட்டன, அதனாலேயே கணக்கு சரி என்று நம்பிக்கொண்டு இரண்டு வாரம் வேறு எங்கெங்கோ தப்பைத் தேடினேன். அதே இடத்தில் நீங்களும் விழக்கூடாது என்றுதான் இது.

கணக்கு இதுதான்: எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி, ஃபோட்டான் வழியாகக் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் பிறக்கின்றன. இதன் நிகழ்தகவில், வலுவிசையைச் சுமக்கும் துகளான குளுவானால் வரும் முதல் திருத்தம் (என்எல்ஓ, அதாவது அடிப்படை வரிசைக்கு அடுத்த வரிசை) எவ்வளவு? டிராக் அணிகளும் ஃபைன்மன் விதிகளும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். குவார்க்குக்கு நிறை இல்லை. முடிவிலிகள் 1/எ என்ற வடிவில் வெளிப்படுவதற்காகப் பரிமாணம் 4−2எ; எப்சிலானைத் தமிழில் ஒவ்வொரு தடவையும் முழுசாகத் தட்டச்சு செய்ய முடியாது, அதனால் இனி அது வெறும் எ.

முதலில், எந்தப் படங்கள்

குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் தங்களுக்குள் ஒரு குளுவானைப் பரிமாறிக்கொள்ளும் லூப் படம் ஒன்று. உண்மையிலேயே குளுவான் வெளியே பறந்துபோகும் படங்கள் இரண்டு. வெளிக்கால்களின் தன்னாற்றல் படங்களை விட்டுவிடுங்கள். அவற்றில் நிறையோ உந்தமோ, எந்த அளவுகோலும் கிடையாது, ஆகவே மதிப்பு பூஜ்ஜியம். (உள்ளே ஒரு உயர்-ஆற்றல் முடிவிலியும் ஒரு தாழ்-ஆற்றல் முடிவிலியும் எதிரெதிர்க் குறியில் ஒளிந்திருக்கின்றன. முதல் தடவை இது ஏமாற்றுவேலை போலத்தான் தெரியும், போகப் போகப் பழகிவிடும்.)

லூப்பையும் வெளிக்குளுவானையும் ஏன் சேர்த்துக் கூட்டவேண்டும்? மிகக் குறைந்த ஆற்றலோடு போகும் குளுவானையோ, குவார்க்கோடு ஒட்டியே அதே திசையில் போகும் குளுவானையோ எந்தக் கருவியாலும் பிரித்துப் பார்க்க முடியாது. பிரித்தறிய முடியாத நிலைகளை எல்லாம் கூட்டினால் முடிவிலி மறையும் என்று 1962-இல் கினோஷிடாவும் 1964-இல் லீ, நாவென்பெர்க் இருவரும் காட்டினார்கள். பரிமாணத்தை 4-இலிருந்து நகர்த்தும் வித்தை 1972-இல் ட் ஹூஃப்ட்டும் வெல்ட்மனும் வெளியிட்டது.

லூப் பகுதி

இதைப் பாடப்புத்தகங்கள் எல்லாம் நன்றாகவே செய்கின்றன, விடையை மட்டும் தருகிறேன். பார்ன் மதிப்பையும் (குளுவானே இல்லாத முதல் வரிசை விடை), (4/3)·(ஆல்ஃபா-எஸ்/2பை)·1/காமா(1−எ) என்ற காரணியையும் (4/3 குவார்க்கின் நிறக் காரணி, காமா என்பது காமா சார்பு), ஆற்றல் அளவுகோலின் அடுக்கையும் வெளியே எடுத்துவிட்டால் மிச்சம்:

−2/எ² − 3/எ − 8 + பை²

அந்த பை² எங்கிருந்து வருகிறது? லூப்பில் வருவது (−எஸ்) என்பதன் −எ அடுக்கு; எஸ் என்பது மோதல் ஆற்றலின் வர்க்கம். அந்தக் கழித்தல் குறியின் மெய்ப்பகுதி காஸ்(பை·எ), அதாவது 1 − பை²எ²/2. இதை −2/எ²-ஆல் பெருக்கிப் பாருங்கள், பை² கையில் இருக்கும். குறியை மறந்து வெறும் எஸ் என்று எழுதினால் இது காணாமல் போகும்.

குளுவான் வெளியே போகும் பகுதி: நான் விழுந்த இடம்

மூன்று துகள்களின் ஆற்றல் பங்குகளை (ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1, மூன்றும் கூட்டினால் 2) நேரடியாக வைத்துக்கொண்டு தொகையிட உட்காராதீர்கள், கை வலிக்கும். 1-இலிருந்து அவற்றைக் கழித்து அ, ஆ, இ என்று பெயர் வையுங்கள்: குவார்க்குக்கு அ, எதிர்க்குவார்க்குக்கு ஆ, குளுவானுக்கு இ. இப்போது அ + ஆ + இ = 1. பரிமாணம் மாறியதால் கட்டவெளியில் (துகள்களின் உந்தங்கள் எடுக்கக்கூடிய மதிப்புகளின் வெளி) கூடுதலாக வருவது (அ·ஆ·இ) என்பதன் −எ அடுக்கு மட்டும்தான். முக்கோணத்தின் மேல் இப்படி அடுக்குகளைத் தொகையிட டிரிஷ்லே எப்போதோ சூத்திரம் கொடுத்துவிட்டார். அடுக்குகள் ப, ம, ய என்றால் விடை:

காமா(ப+1)·காமா(ம+1)·காமா(ய+1) ÷ காமா(ப+ம+ய+3)

இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை. புத்தகங்களில் வரும் மாறி மாற்றுகிற வித்தைகள் எதுவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ஆ-வின் அடுக்கு −1−எ என்று வரும் இடங்களில், எ எதிர்ம எண்ணாக இருந்தால்தான் தொகை குவியும். உயர்-ஆற்றல் முடிவிலிக்கு நேர்மாறு. இரண்டிலும் அதே எ தானே என்று குழம்ப வேண்டாம், குவிகிற பக்கத்தில் கணக்கைப் போட்டுவிட்டு அப்புறம் பகுமுறைத் தொடர்ச்சியாக நீட்டிக்கொள்ளலாம்.

இனி, படங்களின் வர்க்கம். பார்ன் மதிப்பால் வகுத்த பிறகு தொகுதியில் (1−அ)² + (1−ஆ)², பகுதியில் அ·ஆ. விரித்தால், அ-வும் ஆ-வும் சமச்சீர் என்பதால், மூன்றே உறுப்புகள்தான்: 2/(அ·ஆ), −4/ஆ, 2அ/ஆ. சூத்திரத்தில் போட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான காமா(1−எ)³/காமா(1−3எ)-ஐ வெளியே எடுத்தால்:

முதல் உறுப்பு 2/எ².
இரண்டாவது 4/எ + 12.
மூன்றாவது −1/எ − 7/2.

கூட்டினால் 2/எ² + 3/எ + 17/2. வெளியே எடுத்த காரணியை விரித்தால் 1 − பை²எ²/2. அது 2/எ² மேல் பட்டு −பை² தரும். ஆக 2/எ² + 3/எ + 17/2 − பை².

லூப் பகுதியோடு கூட்டுங்கள். இரட்டைத் துருவம் (1/எ²) போச்சு, ஒற்றைத் துருவம் (1/எ) போச்சு, பை² கூடப் போச்சு. மிச்சம் 1/2. நான் கைதட்டிக்கொண்ட இடம் இதுதான். (4/3)·(1/2)·ஆல்ஃபா-எஸ்/2பை என்றால் ஆல்ஃபா-எஸ்/(3பை). இசட் துகளின் நிறையில் ஆல்ஃபா-எஸ் சுமார் 0.118 என்று போட்டால் 1.3 சதவீதத் திருத்தம், வரவேண்டியது 3.8 சதவீதம்.

தப்பு எங்கே? மேலே நான் எழுதிய வர்க்கம் 4 பரிமாணத்தில்தான் சரி. 4−2எ பரிமாணத்தில் டிராக் அணிகளைச் சுருக்கினால் தொகுதியில் இன்னொரு உறுப்பும் வரும்: −எ·(அ+ஆ)². பார்த்தால் எ-யோடு சாகப்போகிற உறுப்பு மாதிரிதான் இருக்கும். ஆனால் (அ+ஆ)²/(அ·ஆ)-வை அதே சூத்திரத்தில் போடுங்கள்: குளுவான், குவார்க்கோடோ எதிர்க்குவார்க்கோடோ ஒட்டிப்போகும் இரண்டு விளிம்புகளிலிருந்தும் ஆளுக்கு −1/(2எ) கிடைக்கிறது, ஆக −1/எ. −எ-யும் −1/எ-யும் பெருகினால் முழுசாக 1. சாகவேண்டிய உறுப்பு துருவத்தின் தோளில் ஏறி உயிரோடு வெளியே வந்துவிடுகிறது.

17/2 + 1 = 19/2. அதிலிருந்து 8 போனால் 3/2. (4/3)·(3/2)·ஆல்ஃபா-எஸ்/2பை = ஆல்ஃபா-எஸ்/பை. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், அணிச் சுருக்கத்தை இரண்டு பகுதியிலும் 4 பரிமாணத்திலேயே, முறையாகச் செய்தாலும் (இதற்குப் பரிமாணக் குறைப்பு முறை என்று பெயர்) விடை சரியாக வரும். லூப்பின் −8 அப்போது −7 ஆகிவிடும், −7 + 17/2 என்பதும் 3/2 தான். நான் லூப்பை ஒரு முறையிலும் வெளிக்குளுவானை இன்னொரு முறையிலும் செய்து இரண்டையும் கூட்டியிருக்கிறேன். துருவங்கள் அடிபடுவதால் இந்தக் கலப்படம் தெரியவே தெரியாது.

கருவிகள்

அணிச் சுருக்கத்துக்கு நான் சொல்வது ஃபார்ம் நிரல்தான். நெதர்லாந்தின் நிக்கெஃப் ஆய்வகத்தில் வெர்மாசரன் எழுதியது, 1989-இலிருந்து இருக்கிறது. மேத்தமேட்டிகாவில் ஃபைன்கால்க் தொகுப்பை வைத்துத் தொடங்குவது சுலபம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு லூப்புக்குப் போகும்போது எப்படியும் ஃபார்முக்கு வந்துதான் ஆகவேண்டும், முதலிலேயே கற்றுக்கொண்டால் என்ன? ஒன்று மட்டும்: நாம் சொல்லாவிட்டால் ஃபார்மில் சுட்டெண்களின் (இண்டெக்ஸ்) பரிமாணம் 4 தான். கோப்பின் தலையிலேயே பரிமாணத்தை அறிவியுங்கள், டிரேசுக்கு ட்ரேஸ்4 வேண்டாம், ட்ரேஸ்என் போடுங்கள். என் கோப்பில் இரண்டுமே இல்லை. கையேட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

சரிபார்க்க ஒரு குறுக்குவழியும் உண்டு: எ = −1/2 என்று வைத்து முக்கோணத் தொகையைக் கணினியில் எண்ணாகவே போட்டு, காமா சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்தால் தொகையிடல் சரி. ஆனால் தொகைக்குள்ளே என்ன வைத்தீர்கள் என்பதை இது சொல்லாது, என் தப்பு இதில் மாட்டியிருக்காது.

பின்சேர்க்கை 1: "என் லூப் விடையில் பை²-வின் கெழு வேறாக வருகிறது, தப்பா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். தப்பு இல்லை. அவர்கள் வெளியே எடுத்தது காமா(1+எ), நான் எடுத்தது 1/காமா(1−எ). இரண்டுக்கும் உள்ள விகிதம் 1 + பை²எ²/6. இரட்டைத் துருவத்தின் 2-ஓடு பெருகினால் பை²/3 வித்தியாசம். இரண்டு பகுதிக்கும் ஒரே காரணியை வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

பின்சேர்க்கை 2: அடுத்த வரிசைகளையும் இப்படிக் கையால் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐந்து குவார்க் வகைகளுக்கு (ஆல்ஃபா-எஸ்/பை)²-இன் கெழு சுமார் 1.41, மூன்றாம் அடுக்கின் கெழு சுமார் −12.8. அந்த மூன்றாவதன் முதல் விடை 1988-இல் வெளிவந்தபோது பெரிய நேர்ம எண்ணாக இருந்தது. திருத்திய விடை வர 1991 ஆயிற்று. அது நிரல் எழுதிப் போட்ட கணக்கு. நீங்கள் கையால் போடுவதானால் முதல் வரிசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.