மாஸ்டடானைத் தமிழுக்கும் பெங்களூருக்கும் பழக்குவது எப்படி?

ட்விட்டரைப் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானில் கணக்கு தொடங்குவதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரிந்த கதைதான். உள்ளே வந்து, ஆள் நடமாட்டமே இல்லை என்று மூடிவிட்டுப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2019 நவம்பரில் சஞ்சய் ஹெக்டே என்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞரின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம் மாஸ்டடானுக்கு வந்தது. 2022இல் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது இன்னொரு கூட்டம் வந்தது. பலர் தங்கவில்லை. இங்கே உங்கள் விருப்பத்தை ஊகித்துப் பதிவுகளைக் கொண்டுவந்து கொட்டும் இயந்திரம் இல்லை. வேண்டியதை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

1. சர்வர்

மாஸ்டடான் ஒரே இடத்தில் ஓடுவதில்லை. பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்களில் ஒன்றில்தான் உங்கள் கணக்கு இருக்கும். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடிப்பதைப் போல இதற்காக அலைய வேண்டாம். விதிகள் பக்கத்தைப் படியுங்கள், யார் நடத்துகிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், சேர்ந்துவிடுங்கள். பிறகு மாறிக்கொள்ளலாம். எல்லா சர்வர்களும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் பேசிக்கொள்வதால் எங்கிருந்தாலும் பெரும்பாலும் யாரையும் பின்தொடரலாம்.

2. வேறு சர்வரில் இருப்பவரைப் பின்தொடர்வது

நண்பர் அனுப்பிய சுட்டியைத் திறந்து, ஃபாலோ பொத்தானை அழுத்தினால் லாகின் செய்யச் சொல்கிறதா? நீங்கள் இப்போது நிற்பது அவருடைய சர்வரில். உங்கள் கடவுச்சொல் அங்கே செல்லாது. அவருடைய முழு முகவரியை, அதாவது பெயரும் சர்வரும் சேர்ந்ததை, நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். அங்கே வரும் ஃபாலோ பொத்தான் வேலை செய்யும். அவருடைய பழைய பதிவுகள் ஒன்றிரண்டுதான் தெரிந்தாலும் கவலை வேண்டாம். உங்கள் சர்வரில் அவரை யாரும் அதுவரை பின்தொடரவில்லை என்றால் பழையவை பெரும்பாலும் வந்திருக்காது. இனி எழுதுவது வரும்.

3. மொழி: இங்கேதான் நிதானம் வேண்டும்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா ஏரியைப் பற்றித் தினமும் தமிழில் எழுதுகிறார். "நான் எழுதுவதை வெளியாள் ஒருவரும் பார்ப்பதில்லையே?" என்று கேட்டார். அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். எழுதும் பெட்டியின் கீழே மொழி என்ற சிறு பொத்தான் 'ஆங்கிலம்' என்று காட்டியது. நீங்கள் மாற்றாதவரை இடைமுகம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிதான் பதிவின் மீதும் ஒட்டப்படும். தமிழ் மட்டும் போதும் என்று பொது ஓடையை, அதாவது எல்லாருடைய பதிவுகளும் வரும் பக்கத்தை, வடிகட்டியிருப்பவர் கண்ணில் சித்தப்பாவின் ஏரி படவே படாது. ஆங்கிலம் மட்டும் கேட்டவருக்குப் புரியாத எழுத்து போய்ச் சேரும்.

பிரிஃபரன்சஸ் பக்கத்தில் 'போஸ்டிங் டிஃபால்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் பதிவு மொழியைத் தமிழ் என்று மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும் நாளில் மட்டும் பெட்டியின் பொத்தானைத் தொட்டால் போதும்.

அடுத்தது, படிக்கும் பக்கம். பொது ஓடைகளுக்கான மொழி வடிகட்டி அதே அமைப்புகளில் இருக்கிறது. எதையும் தேர்வு செய்யாவிட்டால் எல்லா மொழியும் வரும். ஆனால் அது நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வரும் முகப்பு ஓடையைத் தொடாது. பெங்களூரில் ஒரே ஆள் காலையில் கன்னடத்திலும் மாலையில் ஆங்கிலத்திலும் நடுவில் தமிழிலும் எழுதுவார். அவரைப் பின்தொடர்ந்துகொண்டே, அவருடைய தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் வாங்கிக்கொள்ள வழி உண்டு. அவர் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'சேஞ்ச் சப்ஸ்கிரைப்ட் லாங்குவேஜஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டடானில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். அவரும் மொழியைச் சரியாகக் குறித்திருந்தால்தான் பலிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

4. ஹேஷ்டேக்

தமிழ் எழுத்தில் ஹேஷ்டேக் போடலாம், பின்தொடரலாம். 2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ஆட்களைப் போலவே ஹேஷ்டேக்கையும் பின்தொடர முடிகிறது. சிக்கல் எழுத்துக்கூட்டலில். #பெங்களூர், #பெங்களூரு, #பெங்களூருவில் மூன்றும் மூன்று தனித்தனிக் குறிகள். எனவே வேற்றுமை உருபு ஒட்டாமல், பதிவின் கடைசி வரியில் தனியாகப் போடுங்கள். இரண்டு சொல் வேண்டுமானால் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு.

கணினியில் பார்ப்பவர்கள் தோற்ற அமைப்பில் 'அட்வான்ஸ்டு வெப் இன்டர்ஃபேஸ்' என்பதைத் தேர்வு செய்தால் திரை பல பத்திகளாகப் பிரியும். ஒரு ஹேஷ்டேக்கைப் பத்தியாக நிறுத்தி, அதன் அமைப்பில் மற்ற எழுத்துக்கூட்டல்களையும் கன்னட, ஆங்கில வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். மழை நாளில் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரே பத்தியில் பார்த்துவிடலாம். கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டில் டஸ்கி என்ற செயலியைத்தான் சொல்வேன். அதிகாரப்பூர்வச் செயலி அழகு, டஸ்கி வேலைக்காரன்.

5. வடிகட்டிகள்

சின்னசாமி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் இரவில் வேலைக்குப் போய்விட்டு, காலையில் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்ப்பவரா நீங்கள்? ஃபில்டர்ஸ் பகுதியில் 'ஆர்சிபி' என்று சேர்த்து, 12 மணி நேரத்தில் காலாவதியாகும்படி வைத்துவிடுங்கள். 'முழுச் சொல்' என்ற தேர்வை மட்டும் கட்டாயம் நீக்குங்கள். இல்லாவிட்டால் 'ஆர்சிபிக்கு', 'ஆர்சிபியின்' எல்லாம் தப்பி வந்து முடிவைச் சொல்லிவிடும்.

பிற்சேர்க்கை: தனிச்செய்தி பாதுகாப்பானதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது பார்வையாளர் வட்டம் சுருக்கப்பட்ட ஒரு பதிவுதான். இருமுனை மறையாக்கம் கிடையாது, சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு: மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசும்போது அவர் முகவரியை அட் குறியோடு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். வம்பு பேச வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: சர்வர் மாறும் வரிசையைக் கேட்டவர்களுக்கு. முதலில் புதிய கணக்கில் பழைய கணக்கை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். அதன்பின் பழைய கணக்கிலிருந்து மாற்றத்தைத் தொடங்க வேண்டும். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், பட்டியல்கள், புக்மார்க்குகளைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்ற வேண்டும். எழுதிய பதிவுகள் பழைய வீட்டிலேயே இருந்துவிடும். ஒரு முறை மாறினால் அடுத்த 30 நாள்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து மீண்டும் மாற்ற முடியாது. புதிய இடத்தில் முதல் வேலையாகப் பதிவு மொழியை மறுபடியும் தமிழுக்கு மாற்றுங்கள். அந்த அமைப்பு உங்களோடு வராது.