கேமிங் மவுஸ்: கையை அளக்காமல் வாங்காதீர்கள்

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் என்று துப்பாக்கிச் சுடும் கேம்களில் புதிதாக இறங்கும் தம்பிகள் மவுஸ் வாங்குவதைப் பார்க்கிறேன். எங்கள் செட்டில் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள். கலர் விளக்குக்கு மயங்காதே, போலி பிராண்டை வாங்காதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சாம்பியன் வைத்திருக்கும் மவுஸை வாங்குவது

காசு அதிகம் வீணாவது இதில்தான். இன்னும் எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான்.

என் சித்தி மகன், சாம்பியன்கள் வைத்திருப்பது என்று, மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் ரேசர் டெத்ஆடர் வி3 வாங்கினான். அருமையான மவுஸ், குறையே சொல்ல முடியாது. ஆனால் அது 128 மி.மீ. நீளம், 44 மி.மீ. உயரம். அவன் கை சின்னது. பிடிப்பதோ விரல் நுனிகளால். உள்ளங்கை மவுஸில் படவே படாது.

இந்தப் பிடியில் ஒரு விஷயம் இருக்கிறது. தொடர்ந்து சுடும்போது துப்பாக்கி மேலே ஏறும், அதை அடக்க மவுஸைக் கீழே இழுக்க வேண்டும். விரல் நுனியால் பிடிப்பவர்கள் விரலை மடக்கி, மவுஸை உள்ளங்கைப் பக்கம் இழுப்பார்கள். அதற்கு மவுஸின் முதுகுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடம் வேண்டும். பெரிய மவுஸில் அந்த இடமே இல்லை. கொஞ்சம் இழுத்ததும் முதுகு கையில் முட்டிவிடும்.

அவனுக்கு இது புரியவில்லை. "அண்ணா, எனக்கு எய்ம் வராது போல" என்றான். மவுஸ் அசைவுக்குத் திரையில் குறி எவ்வளவு நகர வேண்டும் என்ற சென்சிட்டிவிட்டியைத் தினமும் மாற்றிக்கொண்டே இருந்தான். என்னிடம் இருந்த லாஜிடெக் ஜி102-ஐக் கொடுத்தேன். 116.6 மி.மீ. நீளம், விலையும் பல மடங்கு குறைவு. தொடர்ந்து சுடும்போது மேலே ஓடிக்கொண்டிருந்த ஸ்ப்ரே அந்த வாரமே அடங்க ஆரம்பித்தது. பெரிய மவுஸைத் திருப்பித் தரப் போனால், பெட்டியைப் பிரித்தாயிற்று, எடுக்க மாட்டோம் என்றார்கள் கடையில். தொட்டுப் பார்க்கவும் விடுவதில்லை, திருப்பி எடுப்பதும் இல்லை என்றால் வாங்குகிறவன் என்னதான் செய்வான்?

அதனால் வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேல் வையுங்கள். 17 செ.மீ.க்குக் கீழே என்றால் சின்னக் கை, 19-க்கு மேலே என்றால் பெரிய கை என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் இப்போது பயன்படுத்தும் மவுஸின் நீளம், விரல் பிடிக்கும் இடத்தின் அகலம், உயரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, வாங்கப்போகும் மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள். உள்ளங்கை முழுவதும் படியப் பிடிப்பவருக்கு டெத்ஆடர் மாதிரி முதுகு உயர்ந்தது சுகம். விரலை வளைத்தோ நுனியாலோ பிடிப்பவருக்குத் தாழ்வானதே நல்லது. கேமிங் சென்டருக்குப் போனால் நாலைந்து வகையைப் பிடித்துப் பாருங்கள்.

டிபிஐ எண்ணைப் பார்த்து வாங்குவது

மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் திரையில் எத்தனை பிக்சல் நகரும் என்ற கணக்குதான் டிபிஐ. 16000 டிபிஐ வைத்தால், 1920 பிக்சல் அகலத் திரையை 3 மி.மீ. அசைவில் கடந்துவிடும். அதை வைத்து யாரைக் குறிபார்ப்பது? போட்டியில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 400 முதல் 1600-க்குள்தான் வைக்கிறார்கள். அசைவைப் படிக்கும் சென்சார் எது என்று கேளுங்கள். பிக்ஸ்ஆர்ட் 3360, 3395 எல்லாம் நம்பி வாங்கலாம். பெயரே போடாத பெட்டியைத் தொடாதீர்கள்.

8000 ஹெர்ட்ஸ் ஆசை

மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்புகிறது என்பதுதான் இந்த ஹெர்ட்ஸ். 1000 ஹெர்ட்ஸ் என்றாலே 1 மில்லி செகண்டுக்கு ஒருமுறை தகவல் போகிறது. 8000 வைத்தால் பிராசசருக்கும் சுமை கூடும். பழைய கம்ப்யூட்டரில் ஃபிரேம் விழும், அதாவது காட்சி திக்கித் திக்கி ஓடும்.

விண்டோஸ் செட்டிங்

மவுஸ் செட்டிங்கில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால், கையின் வேகத்தைப் பொறுத்து பாயின்டர் ஓடும் தூரம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஸ்விட்சைக் கேட்காமல் விடுவது

சாதா மெக்கானிக்கல் ஸ்விட்சில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு தேயத் தேய, ஒரு கிளிக் இரண்டாக விழும். ஆப்டிகல் ஸ்விட்ச் ஒளியால் வேலை செய்வதால் இந்தத் தொல்லை இல்லை. மெக்கானிக்கல்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.