கல்லீரல் புற்றுநோய்: மரபணு ரிப்போர்ட்டில் சறுக்கும் இடங்கள்

செல் புற்றாகாமல் காக்கும் மரபணு டிபி53. கட்டியின் மரபணு ரிப்போர்ட்டில் 'டிபி53 மாற்றம் உள்ளது' என்ற வரியைப் பார்த்து, அதை போனில் போட்டுத் தேடினால் 'மோசமான விளைவு' என்று நாலு பக்கம் வரும். அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

தேடலில் வந்தது பொய்யில்லை. டிபி53 கெட்டுப்போன கட்டிகள் பெரும்பாலும் முரட்டுத்தனமானவைதான். ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. கல்லீரல் புற்றுநோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு நோய் இரண்டு: கட்டி ஒன்று, அது முளைத்த, தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் (சிரோசிஸ்) இன்னொன்று. பல நேரம் முந்திக்கொள்வது இரண்டாவதுதான். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பார்சிலோனா படிநிலை முறை, 2022 திருத்தத்துக்குப் பிறகும், கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது, கல்லீரல் எப்படி வேலை செய்கிறது, ஆள் எழுந்து நடமாடுகிறாரா என்றுதான் கேட்கிறது. கட்டியின் மரபணு அந்தக் கேள்விகளில் இல்லை. கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பிலிரூபின், ஆல்புமின் வரிகளைத் தாண்டிக் குதித்து மரபணு வரிக்கு ஓடுவதுதான், என்னைக் கேட்டால், முதல் தவறு.

அடிக்கடி தென்படும் மாற்றம் என்றால் ஆபத்தும் அதிகம் என்று நினைப்பது அடுத்தது. டெர்ட் மரபணுவின் முன்பகுதி மாற்றம் ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இருக்கிறது. புற்றாக மாறும் முன்னரே, சிரோசிஸ் கல்லீரலின் சந்தேக முடிச்சுகளிலேயே அது தலைகாட்டிவிடுகிறது. நோய் எங்கே தொடங்கியது என்று சொல்லும். எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதை மட்டும் நம்ப முடியாது.

டிபி53 என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. அதில் ஒரு வகையில், 249-வது இடத்தில் ஏஜிஜி என்ற மூன்று மரபணு எழுத்துகளின் கடைசி ஜி, டி ஆகிறது. அதனால் புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் செரின் வந்து உட்காருகிறது. சீனாவின் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் இதைக் கண்டது 1991-இல். காரணம் பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, கூடவே ஹெபடைட்டிஸ் பி வைரஸ். அந்த ஊர்க் கணக்கைக் குடியாலோ கொழுப்பாலோ கல்லீரல் கெட்டவருக்கு அப்படியே பொருத்தினால் தப்பாகும்.

படித்தவர்களே விழுந்த குழி ஒன்று உண்டு. நோயின் போக்கைச் சொல்லும் அடையாளம், மருந்து பலிக்குமா என்பதையும் சொல்லும் என்று நம்புவது. 107 பேரிடம் செய்த ஆய்வில், அப்படி ஓர் அடையாளமான மெட் புரதம் கட்டியில் அதிகமிருந்தவர்கள் டிவான்டினிப் மருந்தால் 7.2 மாதம் வாழ்ந்தார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் 3.8 மாதம். எல்லோருக்கும் உற்சாகம். பிறகு மெட் அதிகமுள்ளவர்களாகவே 340 பேரைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வு 2018-இல் வெளியானது: மருந்துக்கு 8.4 மாதம், போலி மாத்திரைக்கு 9.1. சின்னக் கூட்டத்தில் கிடைத்த பளபளப்பு அவ்வளவுதான்.

ரத்தத்தில் பார்க்கும் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு மாற்றம் வேறு கதை. அது பிறவியில் வருவது, கட்டிக்குள் நேர்ந்த மாற்றம் அல்ல. எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 என்று மரபணுப் பெயர்களை யாராவது மருந்து பெயரோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பயாப்ஸி ரிப்போர்ட்டில் கல்லீரல் செல் புற்று என்று இருக்கிறதா, பித்தக்குழாய்ப் புற்று என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த மருந்துகள் முக்கியமாக இரண்டாவதற்கு உரியவை. சிரோசிஸ் உள்ள பலருக்கு ஸ்கேனை வைத்தே கல்லீரல் செல் புற்றை உறுதி செய்துவிடுவதால் பயாப்ஸியே எடுத்திருக்க மாட்டார்கள். அப்போது கட்டியின் மரபணு ரிப்போர்ட்டும் கையில் இருக்காது.